கோஸ்தான், கந்தோய், லைன் கிளியர்: பினாங்குத் தமிழ்ப் பேச்சு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பிறைக்கும் பாயான் லெப்பாசுக்கும் வேலைக்கு வந்தவர்கள், கல்யாணம் ஆகி இங்கே வந்தவர்கள், சொந்தப் பிள்ளை பேசுவது புரியாமல் முழிக்கும் பெற்றோர்கள். இவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். ஜார்ஜ்டவுனிலும் பட்டர்வொர்த்திலும் காதில் விழும் சொற்களை வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். கோலாலம்பூர் செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒன்றிரண்டு சொல் மாறலாம். மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை.

இதெல்லாம் கொச்சைத் தமிழ்தானே? இதற்கு ஏது இலக்கணம்?

"கொச்சை" என்று பெயர் வைத்த உடனே தீர்ப்பு எழுதி முடித்தாயிற்று, அப்புறம் விசாரிக்க என்ன இருக்கிறது? நம் இலக்கணக்காரர்கள் அவ்வளவு அவசரப்படவில்லை. சுமார் 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், சொல் வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என்று பிரித்து, தகுதி வழக்கின் கீழ் குழூஉக்குறி என்று ஒரு வகையே வைத்திருக்கிறது. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரிகிற மாதிரி ஒரு பொருளுக்கு வேறு பெயர் வைத்துக்கொள்வது. பள்ளியில் படித்த உதாரணங்கள் சிலருக்கு நினைவிருக்கலாம்: பொற்கொல்லர் பொன்னைப் "பறி" என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் "காரை" என்பார்கள், கள்ளுக்குச் "சொல்விளம்பி" என்று பெயர். கள் உள்ளே போனால் சொல் தானாக வெளியே வரும் என்ற கிண்டல் அது. இன்றைக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவில் யாராவது இந்தப் பெயரை வைத்திருந்தால் வார இறுதிக்குள் பினாங்குப் பாலம் தாண்டி அக்கரைக்கும் போயிருக்கும்.

ஆக, ஸ்லாங் புதுசு இல்லை. அதற்கு அர்த்தம் வருகிற வழியும் புதுசு இல்லை. அகராதி சொல்லும் பொருள் பாதிதான். யார், யாரிடம், எந்த இடத்தில் வைத்துச் சொல்கிறார் என்பது மீதிப் பாதி. இந்த மீதிப் பாதியில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

"கோஸ்தான்" என்றால் என்ன? எந்த மொழி?

வண்டியைப் பின்னால் எடுப்பது. "காடியைக் கொஞ்சம் கோஸ்தான் எடு" என்றால் காரை ரிவர்ஸில் எடு என்று பொருள். (இங்கே கார் என்று சொல்பவர்களைவிடக் காடி என்று சொல்பவர்கள்தான் அதிகம்.)

இது மலாய் இல்லை, சீன மொழிகளில் ஒன்றான ஹொக்கியன் இல்லை, தமிழும் இல்லை. ஆங்கிலக் கப்பல்காரர்களின் கட்டளை. கப்பலின் பின்பக்கம் "ஸ்டர்ன்". பின்னோக்கிச் செலுத்தச் சொல்லும்போது "கோ அஸ்டர்ன்" என்பார்கள். துறைமுகத்தில் வேலை செய்தவர்களின் வாயில் அது தேய்ந்து "கோஸ்தான்" ஆகி, கரையேறி, லாரிக்கும் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்திவிட்டது. சொல் இப்படித் தேய்ந்து உருமாறுவதற்கும் நன்னூலில் பெயர் இருக்கிறது: மரூஉ. தஞ்சாவூர் தஞ்சை ஆனதும் இப்படித்தான்.

ஜார்ஜ்டவுனின் பழைய சந்துகளில் காலை நேரத்தில் நின்று பாருங்கள். சாமான் இறக்க வந்த லாரி முனையில் திரும்ப முடியாமல் நிற்கும். கூட வந்த பையன் இறங்கிப் பின்னால் போய், கையை வீசி, "கோஸ்தான்... கோஸ்தான்... கோஸ்தான்..." என்று ஒரே ராகத்தில் இழுப்பான். பம்பர் தூணைத் தொடப் போகும் நேரத்தில் "சுக்குப்!" என்று கத்தி லாரியின் உடம்பைத் தட்டுவான். சுக்குப் மலாய், "போதும்" என்று அர்த்தம். பையன் தமிழன், டிரைவர் சீனர், கட்டளை ஆங்கிலம், நிறுத்தம் மலாய். இதில் யாருக்கும் ஒரு விநாடிகூடக் குழப்பம் வருவதில்லை.

இப்போது வண்டியைவிட்டும் சொல் நகர்ந்துவிட்டது. "நேத்து சரின்னான், இன்னைக்குக் கோஸ்தான் அடிக்கிறான்" என்றால் சொன்ன வாக்கிலிருந்து பின்வாங்குகிறான். அரசியல்வாதிகளைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் இல்லாமல் காப்பிக்கடை நடக்காது.

"லைன் கிளியர்" என்று ஒருவர் சொன்னால் சாப்பாடா, போலீசா?

இரண்டும்தான். அதனால்தான் கேள்வியே வருகிறது.

ரயில்வே சொல் இது. ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு வண்டி விடுவதற்கு முன் பாதையில் வேறு வண்டி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அதற்கான பழைய கருவியில் மூன்று நிலைகள் இருக்கும்: லைன் பிளாக்டு, லைன் கிளியர், டிரெயின் ஆன் லைன். அந்த இரண்டாவது நிலைதான் பேச்சுக்குள் வந்தது. அப்பா தூங்கிவிட்டாரா, சாலையில் போலீஸ் சோதனை இல்லையா, மேலாளர் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டாரா? "லைன் கிளியர்." தமிழ்நாட்டிலும் இதே பொருளில் புழங்குகிறது, ரயில் எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் போயிருக்கிறது.

ஆனால் பினாங்கில் இன்னொன்று உண்டு. பினாங்கு ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் பிரபலமான நாசி கண்டார் (சோறும் கறியும்) கடைக்கும் அதுதான் பெயர். ராத்திரி பதினோரு மணிக்கு நண்பர் "லைன் கிளியரா?" என்றால் வீட்டில் விடுவார்களா என்று கேட்கிறார். "லைன் கிளியர்லா!" என்றால் பசிக்கிறது என்கிறார். தொனியிலேயே தெரியும்.

நாசி கண்டார் கடையில் "பஞ்சிர்" என்கிறார்களே, அது என்ன?

வெள்ளம்.

மலாயில் பஞ்சிர் என்றால் வெள்ளப்பெருக்கு. சோற்றின் மேல் ஒரு கறியை மட்டும் ஊற்றாமல், மீன் கறி, கோழிக் கறி, பருப்பு என்று நாலைந்து குழம்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றி, சோறு மூழ்கும்வரை விடுவதுதான் பஞ்சிர். குழம்புகளைக் கலந்து ஊற்றினால் "குவா சம்போர்". அளவு தாண்டினால் பஞ்சிர். தட்டில் வெள்ளம் என்று முதலில் சொன்னவர் யாரோ, அவர் பசியோடு இருந்த கவிஞர் என்றே நினைக்கிறேன்.

"கண்டார்" என்பதே ஒரு சின்னக் கதை. தோளில் ஒரு கழி வைத்து அதன் இரு முனையிலும் சுமை தொங்கவிட்டுத் தூக்குவதை மலாயில் கண்டார் என்பார்கள். கிட்டத்தட்ட நம் காவடி மாதிரி. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் கறி என்று தூக்கிக்கொண்டு துறைமுகத் தொழிலாளர்களிடம் விற்றார்கள். நாசி என்றால் சோறு. கழி போய்க் கடை வந்துவிட்டது. பெயரில் மட்டும் கழி இன்னும் தோளில் இருக்கிறது. தூக்கிய விதம் தூக்கிய பொருளுக்கே பெயராவதை ஆகுபெயர் என்று பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்திருப்போம்.

கூடவே இன்னும் சிலவற்றைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரிசையில் நிற்பவர் திட்டமாட்டார். "கோசோங்" என்றால் வெறும். ரொட்டி கோசோங் என்றால் உள்ளே முட்டை, வெங்காயம் எதுவும் இல்லாத ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி). "தே ஓ" என்றால் பால் சேர்க்காத தேநீர்; அந்த "ஓ" ஹொக்கியனில் கறுப்பு. "கூராங் மானிஸ்" சர்க்கரை குறைவாக. "ஈக்காட் தெப்பி" என்றால் பானத்தைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ஓரத்தில் முடிச்சுப் போட்டு, உறிஞ்சுகுழலுக்கு வழிவிட்டுக் கொடுப்பது.

சீனர்களும் மலாய்க்காரர்களும் என்னை "மச்சா" என்கிறார்கள். கோபப்பட வேண்டுமா?

முதலில் யார் சொன்னது என்று பாருங்கள்.

மச்சான் என்பது உறவுமுறை. மனைவியின் அண்ணன் தம்பி, மாமன் மகன், அத்தை மகன். நம் குடும்பங்களில் அண்ணனிடம் அடங்கிப் பேச வேண்டும், மாமனாரிடம் தள்ளி நிற்க வேண்டும்; மச்சானிடம் மட்டும் வாய்க்கு வந்தபடி கிண்டல் பண்ணலாம். உறவுமுறையிலேயே கேலிக்கு உரிமம் இருக்கும் இடம் இது. அதனால்தான் நண்பனை "அண்ணா" என்று கூப்பிடாமல் "மச்சான்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "உன்னைக் கேலி செய்ய எனக்கு உரிமை இருக்கிறது, எனக்கும் நீ செய்யலாம்" என்ற ஒப்பந்தம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

தமிழ்ப் பையன்கள் ஒருவரையொருவர் இப்படிக் கூப்பிடுவதை வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட மலாய், சீனப் பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டார்கள். எடுக்கும்போது ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டுவிட்டார்கள். அவர்களில் பலருக்கு "மச்சா" என்றால் நண்பன் இல்லை, "தமிழ் ஆள்". கூடப் படித்தவன், பல வருஷம் சேர்ந்து வேலை செய்தவன் சொன்னால் அது பழைய மச்சான்தான். முன்பின் தெரியாத ஒருவர், அதுவும் உங்களுக்கு மேலே இருப்பவர், "ஏய் மச்சா, இங்க வா" என்றால் அது வேறு சொல். எழுத்து ஒன்றுதான், உறவு இல்லை. சிரித்துக்கொண்டே பெயரைச் சொல்லி, அப்படிக் கூப்பிடுங்கள் என்றால் பெரும்பாலும் மாற்றிக்கொள்வார்கள்.

இதே வழியில் போனவை இன்னும் உண்டு. தாய்மாமனைக் குறிக்கும் "மாமா" மலாயில் "மாமாக்" ஆகித் தமிழ் முஸ்லிம்களைக் குறித்தது. பிறகு அவர்கள் நடத்திய கடையைக் குறித்தது. இப்போது "மாமாக்ல இருக்கேன்" என்று ஒரு சீனப் பெண் போனில் சொன்னால் அவள் தாய்மாமன் வீட்டில் இல்லை, ரொட்டி சானாய்க்குக் காத்திருக்கிறாள். கடையில் பரிமாறுபவரை எல்லா இனத்தாரும் "அண்ணே" என்று கூப்பிடுகிறார்கள், அது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சீனப் பெண்களை "அமோய்" என்பதும் தங்கை என்ற உறவுச்சொல்லில் இருந்து வந்ததுதான். ஆனால் தெரியாத பெண்ணிடம் அதைச் சொல்லாதீர்கள். நம் பெண்களை யாரோ "தங்கச்சி" என்று தெருவில் கூப்பிடும்போது எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும்.

"பாய்" என்று கூப்பிட்டேன், சர்தார்ஜி திரும்பினார். ஏன்?

சென்னையில் பாய் என்றால் முஸ்லிம். இங்கே "பாயி" என்றால் பெரும்பாலும் சீக்கியர். இரண்டும் சகோதரன் என்ற ஒரே வட இந்தியச் சொல்தான். இங்கே தமிழ் முஸ்லிமுக்கு வேறு பெயர் ஏற்கெனவே இருந்ததால் அந்தச் சொல் காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

"லா" எங்கே போட வேண்டும்? பெரியவர்களிடம் போடலாமா?

மலாயிலும் வினையின் பின்னால் "லா" உண்டு, சீன மொழிகளிலும் வாக்கியக் கடைசியில் "லா" உண்டு. யாரிடமிருந்து யார் வாங்கியது என்பதில் மொழியியல்காரர்களே ஒத்துப்போவதில்லை. நமக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்திருக்கலாம்.

அர்த்தம் என்று தனியாகக் கேட்டால் சொல்ல முடியாது. "வா" கட்டளை, "வாலா" கொஞ்சல். "தெரியும்" தகவல், "தெரியும்லா" என்றால் எத்தனை தடவை சொல்வாய் என்ற எரிச்சல். "முடியாதுலா" என்பது மறுப்புத்தான், ஆனால் மனம் நோகாத மறுப்பு. வாக்கியத்தின் செய்தியை மாற்றாமல், பேசுகிற இருவருக்கும் நடுவில் உள்ள தூரத்தை மாற்றுவது அதன் வேலை.

நாம் ஏற்கெனவே "டா", "டி", "பா" என்று வைத்திருக்கிறோமே, அப்புறம் எதற்கு லா? அவற்றில் ஒரு சிக்கல் இருக்கிறது. "டா" போட்டால் எதிரில் ஆண், நம்மைவிடச் சின்னவன் அல்லது நெருங்கியவன் என்று முடிவாகிவிடும். லாவுக்கு ஆண் பெண் இல்லை, மேல் கீழ் இல்லை. "சாப்பிடுங்கலா அத்தை" என்று சொல்லலாம். மரியாதைக்கு "ங்க" இருக்கிறது, நெருக்கத்துக்கு "லா" இருக்கிறது. தமிழில் இந்த இரண்டையும் ஒன்றாக வைக்க ஓர் ஒட்டு இல்லாமல் இருந்தது என்பது என் கட்சி. சரி, புது மருமகள் முதல் நாளே போட வேண்டாம்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: உங்கள் ஊரில் பெண்களைக் கூப்பிடும் "ஏலா" இது இல்லை.

மலாய்ச் சொல்லை எடுத்தால் "அடி" சேர்ப்பதா, "பண்ணு" சேர்ப்பதா?

இந்தக் கேள்வியைக் கேட்டவரைத் தேடிப் பாராட்டலாம் போலிருக்கிறது. இதற்கு விதி இருக்கிறது. யாரும் எழுதி வைக்காததால் இல்லை என்று நினைக்கிறோம்.

வேற்றுமொழி வினைக்கு நம் விகுதிகள் ஒட்டாது. "பொந்தேங்" என்றால் பள்ளிக்கு மட்டம் போடுவது. அதை "பொந்தேங்கினான்" என்று யாரும் சொல்வதில்லை. எனவே வந்த சொல்லைப் பெயர்ச்சொல்லாக உட்கார வைத்துவிட்டு, காலமும் ஆளும் காட்டுகிற வேலையைப் பக்கத்தில் ஒரு தமிழ் வினையிடம் கொடுக்கிறோம். எந்த வினை என்பதில்தான் ருசி.

"பொந்தேங் அடிச்சான்", "லெப்பாக் அடிக்கலாம்" (லெப்பாக் என்றால் சும்மா உட்கார்ந்து பொழுது போக்குவது). ஆனால் "பாயார் பண்ணிட்டேன்" (பணம் கட்டிவிட்டேன்), "தப்பாவ் பண்ணு" (சாப்பாட்டைக் கட்டி எடு). "பாயார் அடிச்சேன்" என்று சொன்னால் சிரிப்பார்கள். ஏன்? தமிழில் ஏற்கெனவே "அடி" எங்கெல்லாம் சேர்கிறது என்று பாருங்கள்: தம் அடி, தண்ணி அடி, சைட் அடி, கட் அடி, அரட்டை அடி, கும்மாளம் அடி. பொறுப்பைக் கழற்றி வைத்துவிட்டு அனுபவிக்கிற, அல்லது பெரியவர்கள் கண்ணில் படக்கூடாத காரியங்கள். பள்ளிக்கு மட்டம் போடுவது இந்தக் கும்பலோடு சேரும். கடன் கட்டுவது சேராது. அதில் என்ன சந்தோஷம் இருக்கிறது?

"கந்தோய்" இன்னும் அழகு. மாட்டிக்கொள்வது என்று பொருள். "கந்தோய் ஆயிட்டான்" என்றால் அவனே மாட்டிக்கொண்டான். "கந்தோய் பண்ணிட்டான்" என்றால் இன்னொருவனை மாட்டிவிட்டான். மலாயிலிருந்து ஒரு சொல்தான் வந்தது. யார் குற்றவாளி, யார் காட்டிக்கொடுத்தவன் என்ற வித்தியாசத்தை "ஆகு", "பண்ணு" என்ற நம் பழைய வினைகள் பார்த்துக்கொள்கின்றன. ஒரு சுற்றுச் சுற்றி வருவது "ஒரு பூசிங் போட்டுட்டு வரேன்". அங்கே "போடு", ஏனென்றால் ரவுண்டும் போடுகிறோம்.

எட்டு வயதுப் பிள்ளை இதை ஒரு தடவைகூடத் தப்பாகச் சொல்வதில்லை. தமிழ் இலக்கணம் தெரியாத தலைமுறை என்று திட்டும்போது இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

"தப்பாவ்", "தவுக்கே", "சிஞ்சாய்", "அங்பாவ்": இவை சீனமா?

ஆமாம். தப்பாவ் கண்டோனீஸ், மூட்டை கட்டுவது. தவுக்கே ஹொக்கியன், முதலாளி. சிஞ்சாயும் ஹொக்கியன், எப்படியோ ஆகட்டும் என்பது. "சிஞ்சாயா வேலை செய்யாதே" என்று திட்டினால் ஏனோதானோ என்று செய்யாதே என்று அர்த்தம்.

அங்பாவ் என்பதற்கு நேர்ப்பொருள் சிவப்பு உறை. சீனப் புத்தாண்டில் பணம் வைத்துக் கொடுப்பது. நாமும் தீபாவளிக்குக் கொடுக்கிறோம், பெரும்பாலும் ஊதா நிறத்தில் மயிலும் விளக்கும் அச்சடித்து. மலாய்க்காரர்கள் நோன்புப் பெருநாளுக்குப் பச்சையில் கொடுக்கிறார்கள். "ஊதா அங்பாவ்" என்று சொல்லும்போது ஊதாச் சிவப்பு என்று சொல்கிறோம் என்பது யாருக்கும் உறைப்பதில்லை. பயன்பாடு தங்கிவிட்டது, நிறம் கழன்றுவிட்டது.

கெட்ட அர்த்தமுள்ள சொல் எப்படிப் பாராட்டாகிறது? "டெரர்" என்கிறான் என் மகன்.

டெரர் என்றால் பயங்கரம். இங்கே "அவன் கணக்குல டெரர்" என்றால் புலி என்று பொருள். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 2025 மார்ச்சில் சேர்த்த மலேசிய, சிங்கப்பூர்ச் சொற்களில் தப்பாவ், அலாமாக் (ஐயோ என்பது போல) ஆகியவற்றோடு இந்த டெரரும் உண்டு. (நம் "ஐயோ" 2016இலேயே உள்ளே போய்விட்டது.)

ஆங்கிலத்தைக் குறை சொல்ல வழியில்லை. "பாட்டு பயங்கரமா இருக்கு" என்று உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார். "மரண மாஸ்", "தெறி", "கொல மாஸ்" எல்லாம் இரத்தக்களரி வழியாகத்தான் பாராட்டுக்கு வருகின்றன. காரணம் எளிது. "நன்றாக இருக்கிறது" என்று எல்லோரும் எதற்கும் சொல்லிச் சொல்லி அதில் காரம் போய்விடும். காரம் வேண்டுமென்றால் பயத்திலிருந்தும் சாவிலிருந்தும் கடன் வாங்க வேண்டும். கொஞ்ச நாளில் அதுவும் நீர்த்துப்போகும், அடுத்தது வரும். "ரொம்ப" என்ற சொல் "நிரம்ப" என்பதன் மரூஉ. வழிய வழிய நிறைந்ததைச் சொன்ன சொல். இன்று "ரொம்ப இல்லை, கொஞ்சம் போடுங்க" என்று சோற்றுக்குச் சொல்கிறோம், யாருக்கும் அதில் ஒரு பானை வழிவது தெரிவதில்லை.

"கோப்பி காசு"?

லஞ்சம். கேட்பவர் காப்பி குடிக்கத்தான் கேட்கிறாராம். மலாயில் "டூயிட் கோப்பி". அசிங்கத்தை மூடிச் சொல்லும் இந்த வகைக்கு இலக்கணத்தில் இடக்கரடக்கல் என்று பெயர், ஆனால் பவணந்தி மனதில் வைத்திருந்தது இதை இல்லை.

விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாத சொற்கள் எவை?

இரண்டை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று "கெலிங்". கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்ததாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. பழைய மலாய் ஏடுகளில் தென்னிந்தியரைக் குறிக்கும் சாதாரணச் சொல்லாக இருந்தது. ஜார்ஜ்டவுனில் 1801இல் நிறுவப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரில் அது மரியாதையாகவே நிற்கிறது; இந்திய முஸ்லிம் சமூகத் தலைவரின் பட்டம் அது. இன்று அதே சொல்லைத் தெருவில் ஒருவரைப் பார்த்துச் சொன்னால் வசை. கைதிகளின் சங்கிலிச் சத்தத்திலிருந்து வந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. ஆங்கிலேயர் கைதிகளைக் கொண்டுவருவதற்கு வெகு முன்பே சொல் இருந்ததால் அந்தக் கதை நிற்காது. ஆனால் மூலம் சுத்தமானது என்று நிரூபித்துவிட்டால் வலி போய்விடாது. நூற்றைம்பது வருஷம் யார் எப்படிச் சொன்னார்கள் என்பதுதான் இன்றைய அர்த்தம்.

இன்னொன்று "பரியா". மலாயிலும் ஆங்கிலத்திலும் வசையாகப் புழங்கும் இது தமிழிலிருந்து போனது. பறை என்ற இசைக்கருவியின் பெயரோடு சேர்ந்த ஒரு சமூகத்தின் பெயர். இதை நம் பிள்ளைகளே சிரித்துக்கொண்டு சொல்வதைக் கேட்கும்போது கோபமாக வருகிறது. மற்றவர்கள் தெரியாமல் சொல்கிறார்கள் என்று விடலாம், நாம் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

இப்படிக் கலந்து பேசினால் தமிழ் அழியாதா?

மலாய் அழிந்துவிட்டதா? கெடாய் (கடை), காப்பால் (கப்பல்), கட்டில், பெட்டி, கோலாம் (குளம்), மோடால் (முதல்), மெம்பெலாம் (மாம்பழம்) எல்லாம் நாம் கொடுத்தவை. பிள்ளை "கெடாய்க்குப் போறேன்" என்று சொன்னால் சில அம்மாக்கள் அதட்டுகிறார்கள். பாவம், சொந்தக்காரர் வெளியூரில் இருந்துவிட்டு வந்திருக்கிறார். தொல்காப்பியமே சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகப் பிரித்துத் திசைச்சொல்லுக்கு நாற்காலி போட்டிருக்கிறது.

எனக்குக் கவலை வேறு. கலப்பதால் இல்லை, மாற்றத் தெரியாமல் போவதால்தான் இழப்பு. 2020 மார்ச் 18இல் ஊரடங்கு வந்தபோது வானொலியும் பத்திரிகையும் "மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை" என்றன, வீட்டில் எல்லோரும் "எம்.சி.ஓ." என்றோம். இரண்டும் தெரிந்திருந்தது. அந்த இரண்டாவது சாவி கையில் இருக்கும்வரை பயமில்லை.

எங்கள் தாத்தா சொன்ன "பெரட்டு", "கிராணி", "லயம்" இப்போது கேட்பதில்லையே?

இடம் போனால் சொல்லும் போகும். பெரட்டு என்றால் ரப்பர்த் தோட்டத்தில் விடியும் முன் ஆட்கள் வரிசையில் நின்று பெயர் கொடுப்பது. "பரேடு" என்ற ஆங்கிலச் சொல்தான். கிராணி தோட்ட எழுத்தர், லயம் வரிசை வீடு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளானபோது சொல்ல ஆளும் இல்லை, சொல்ல வேண்டிய காலையும் இல்லை. தாத்தா இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

மகள் எதற்கெடுத்தாலும் "சிக்ஸ் செவன்" என்கிறாள். அர்த்தம் என்ன?

அர்த்தம் இல்லை. உண்மையாகவே இல்லை. டிக்‌ஷனரி டாட் காம் தளம் 2025இன் சொல்லாக அதை அறிவித்தது, பொருள் மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "நான் உங்கள் கூட்டம்" என்று சொல்வதுதான் அதன் முழு வேலை. அதோடு ஒப்பிட்டால் "ரிஸ்" எவ்வளவோ மேல். ஆக்ஸ்போர்டின் 2023ஆம் ஆண்டுச் சொல், "கரிஸ்மா"வின் நடுத்துண்டு, ஆளை மயக்கும் சாமர்த்தியம் என்று பொருளாவது இருக்கிறது. இரண்டையும் நீங்கள் சொல்லிப் பாருங்கள், மறுநாளே அவள் விட்டுவிடுவாள்.

தமிழ்நாட்டுக்குப் போகும்போது எதையெல்லாம் மாற்றிக்கொள்ள வேண்டும்?

தப்பாவ் அங்கே பார்சல். கோஸ்தான் ரிவர்ஸ். ஜாகா வாட்ச்மேன். "பத்து வெள்ளி" என்றால் நகைக்கடைக்கு வழி சொல்வார்கள். அந்தக் காலத்து வெள்ளி நாணயத்தின் பெயர் ரிங்கிட் தாளுக்கும் ஒட்டிக்கொண்டது இங்கே மட்டும்தான். மச்சான் அப்படியே செல்லும். லாவை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள். ஆட்டோக்காரரிடம் "எவ்வளவுலா?" என்று கேட்டால் வெளிநாடு என்று தெரிந்து கூடுதலாகச் சொல்வார். கேட்காவிட்டாலும் கூடுதலாகத்தான் சொல்வார், ஆனால் பேரம் பேச ஓர் இடம் இருக்கும்.